மறுமொழி: 1 யோவான் 5:7 ஏன் ரெண்டு விதம்?

தம்பி, மல்லாவியில உங்கட சபை பைபிளில இந்த வசனத்தில பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி எண்டு இருக்கு, அம்மா மடுத் திருவிழாவில வாங்கின திருவிவிலியத்தில இல்லை, ஆரோ வெட்டிப்போட்டாங்கள் எண்டு எழுதியிருக்கிறியள். வெட்டினதில்லை, பேந்து ஒட்டினது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில அந்த வரி இல்லை. லத்தீன் வழியா வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் இராஸ்மஸ் தன்ர 1516, 1519 பதிப்புகளில அதைப் போடேல்லை. எதிர்ப்புக் கிளம்பினாப் பிறகு 1522-ல சேர்த்தவர். அந்த அச்சு வழியில வந்ததுதான் உங்கட கையில இருக்கிறது.

இது மாதிரி இன்னொரு இடமும் இருக்கு: மாற்கு 16:9-20-உம் சினாய், வத்திக்கான் எண்ட 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில இல்லை.

அதுக்காக பைபிளே "முழுக்கப் பொய்" எண்டு உங்கட கூட்டாளி பாயிறது எனக்குச் சரியாப் படேல்லை. 1947-ல சாக்கடலுக்குப் பக்கத்தில கும்ரானில கிடைச்ச ஏசாயாச் சுருள், அதுவரை கையில இருந்த எபிரேயப் பிரதிகளை விட ஏறக்குறைய ஆயிரம் வருசம் பழசு. வித்தியாசங்கள் இருக்கு, ஆனா புத்தகம் அதே புத்தகம். எழுத்து பெரிசா மாறாமல் வந்ததால அதில சொன்னதெல்லாம் நடந்தது எண்டும் ஆகாது. அது வேற கேள்வி. (ஏடு பார்த்துப் பதிப்பிச்ச எங்கட நாவலரே பேர்சிவல் பாதிரியாரின்ர பைபிள் மொழிபெயர்ப்பில வேலை செய்தவர். பிரதிக்குப் பிரதி சொல் மாறுற பாடபேதம் எங்களுக்குப் புதுசே?)

அம்மாவோட சண்டை பிடிக்காதேங்கோ. அவவின்ர புத்தகம்தான் இந்த வசனத்தில பழைய பிரதிகளுக்குக் கிட்ட.