எந்த ஊர் பில்லியன்?

அன்புள்ள ஐயா,

பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரிட்டன் வானியல் நூல் ஒன்றில், ஒரு ஒளியாண்டு என்பது சுமார் 9.5 பில்லியன் கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. இப்போதைய நூல்களில் 9.5 டிரில்லியன் என்கிறார்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அச்சுப்பிழை என்று விட்டுவிடலாமா? அறிவியல் கட்டுரைகளை மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

க., திருச்சி

அன்புள்ள க.,

பிழையே இல்லை, இரண்டும் ஒரே தூரம்தான். நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒளி நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஓர் ஆண்டுக்கு சுமார் 3.15 கோடி நொடிகள். பெருக்கினால் 9.45 லட்சம் கோடி. அந்த லட்சம் கோடியைத்தான் பழைய பிரிட்டன் பில்லியன் என்றது, அமெரிக்கா டிரில்லியன் என்றது. அமெரிக்கர்களின் பில்லியன் வெறும் 100 கோடி.

பழைய கணக்குக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் நிக்கோலா ஷுகே என்ற பிரெஞ்சுக் கணிதர். 1484இல் எழுதிய கையெழுத்துப் பிரதியில், மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன், இன்னொரு முறை பெருக்கினால் டிரில்லியன் என்று வரிசைப்படுத்தினார். எத்தனை மில்லியன்களைப் பெருக்குகிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது: ‘பி’ என்றால் இரண்டு, ‘டிரி’ என்றால் மூன்று. எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு இது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சிலரே, ஒவ்வொரு ஆயிரம் மடங்குக்கும் அடுத்த பெயர் என்று மாற்றத் தொடங்கினார்கள்; ஆயிரம் மில்லியனே பில்லியன் ஆனது. அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டது. பிரிட்டன் பழையதிலேயே நின்றது. பிரான்ஸோ 1961இல் அதிகாரபூர்வமாகப் பழைய முறைக்கே திரும்பிவிட்டது.

பிரிட்டன் அரசு அமெரிக்கக் கணக்குக்கு மாறியது 1974 டிசம்பர் 20 அன்று. அமைச்சர்கள் பில்லியன் என்றால் பிரிட்டன் பொருளில் மட்டுமே சொல்ல வேண்டும், அதைப் பிரதமர் உறுதிசெய்வாரா என்று ராபின் மேக்ஸ்வெல்-ஹிஸ்லப் என்ற எம்.பி. கேட்டார். ஹரால்டு வில்சன் முடியாது என்று எழுத்தில் பதில் கொடுத்தார். உலகமே ஆயிரம் மில்லியன் என்ற பொருளில் புழங்கும்போது நாம் மட்டும் வேறு பொருளில் சொன்னால் குழப்பம் வரும் என்பது அவர் வாதம். ஷுகேயின் ஒழுங்கு அழகானது என்றாலும் வில்சன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அரசின் வரவு செலவைப் படிக்கிறவர், இது எந்தப் பில்லியன் என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் ஒரே நாளில் எல்லோரும் மாறிவிடவில்லை. அதற்குப் பிறகு வந்த நூல்களிலும் பழைய பொருள் தலைகாட்டும்.

கனடாவில் இது இன்றும் நடைமுறை விஷயம். மத்திய அரசின் ஆவணங்கள் இரண்டு மொழிகளில் வருகின்றன. ஆங்கிலத்தில் பில்லியன் என்று இருக்கும் தொகை பிரெஞ்சில் மில்லியார். பில்லியனை அப்படியே பிரெஞ்சில் வைத்துவிட்டால் தொகை ஆயிரம் மடங்கு ஏறிவிடும். அந்நியச் செலாவணி வணிகர்கள் 100 கோடியை ‘யார்டு’ என்பதும் இந்த மில்லியாரிலிருந்து வந்ததுதான். தொலைபேசியில் மில்லியனும் பில்லியனும் ஒன்றுபோலக் காதில் விழுந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

சரி, உங்கள் மொழிபெயர்ப்புக்கு வருவோம். பில்லியனைத் தமிழ் எழுத்தில் அப்படியே போடாதீர்கள். நம்மிடம் கோடியும் லட்சம் கோடியும் இருக்கின்றன, அவற்றுக்கு எந்த ஊரிலும் இரண்டு பொருள் கிடையாது. பழைய பிரிட்டன் நூல்களில் டிரில்லியன் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே வித்தியாசம் ஆயிரம் மடங்கு அல்ல, பத்து லட்சம் மடங்கு.

உங்கள் நூலில் பூமியின் வயதைச் சொல்லும் பக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். ‘நாலரை ஆயிரம் மில்லியன் ஆண்டுகள்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருந்தால், அந்த ஆசிரியர் பழைய கணக்குக்காரர். அவருடைய பில்லியன்களையெல்லாம் லட்சம் கோடி என்றே மாற்றுங்கள்.