பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓபரா (இசைநாடகம்) இசையமைப்பாளர் வாக்னரின் யூத வெறுப்பு தெரிந்த பிறகும் அவர் இசையை ரசிக்க முடிகிறதா?

முடிகிறது. ஆனால் "ஆள் வேறு, இசை வேறு" என்று சட்டென்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஏனென்றால் வாக்னர் ஏதோ பேச்சுவாக்கில் உளறியவர் இல்லை. 1850-ல் இசையில் யூதர்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவர்களால் அசலான இசையைப் படைக்க முடியாது, பார்த்துச் செய்யத்தான் வரும் என்பது அதன் வாதம். அப்போது புனைபெயரில் ஒளிந்துகொண்டார். 1869-ல் அதையே இன்னும் நீட்டி, சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். நடுவில் பத்தொன்பது வருடம். கோபத்தில் எழுதிவிட்டார் என்று சொல்லவும் வழியில்லை.

எனக்கு ரொம்ப உறுத்துவது மெயர்பேர் விஷயம். யூதரான அவர் அன்றைய ஓபரா உலகின் பெரும்புள்ளி. பாரிஸில் காசுக்குத் திண்டாடிய வாக்னருக்குக் கைகொடுத்தார். 1842-ல் வாக்னரின் 'ரியென்ஸி' ஓபரா ஜெர்மனியின் டிரெஸ்டனில் மேடையேறியதற்கு அவர் சிபாரிசும் ஒரு காரணம். எட்டே வருடத்தில், பெயர் சொல்லாமல் அவரையே அந்தக் கட்டுரையில் கிழித்தார் வாக்னர். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது இதுதான்.

இத்தனையும் தெரிந்தபின் அவருடைய 'டிரிஸ்டானும் இசோல்டேயும்' ஓபராவைப் போடுகிறேன். ஆரம்பத்தில் வரும் அந்த கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எங்கேயும் போய் உட்காராமல் அந்தரத்தில் தொங்கும். அந்தத் தவிப்பு அடங்க ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். அதில் எந்த ஸ்வரத்தைக் காட்டி இது வெறுப்பு என்பது? அவருடைய கடைசி ஓபரா 'பார்சிஃபால்' 1882-ல் ஜெர்மனியின் பைராய்டில் அரங்கேறியபோது இசைக்குழுவை நடத்தியவர் ஹெர்மன் லெவி, ஒரு யூத மதகுருவின் (ரபி) மகன். ஞானஸ்நானம் வாங்கச் சொல்லி வாக்னர் நச்சரித்தும் அவர் மாறவில்லை. அடுத்த வருடம் வாக்னரின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆனால் நான் ஹெட்போனில் கேட்பது என் சொந்த விஷயம். பொது அரங்கில் வாசிப்பது அப்படி இல்லை, அதுவும் இஸ்ரேலில். நாஜிகள் கொண்டாடிய இசை என்பதால் அங்கே வாக்னரை மேடையில் வாசிப்பதைப் பலர் ஏற்பதில்லை. 1981-ல் டெல் அவிவில் இசைக்குழுவை நடத்திய நம்ம மும்பைக்காரர் ஜூபின் மேத்தா, பிடிக்காதவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் 'டிரிஸ்டான்' முடிவுப் பகுதியைத் தொடங்கினார். நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்த அரங்கப் பணியாளர் ஒருவர் முன்னால் வந்து தன் உடம்பிலிருந்த தழும்புகளைத் திறந்து காட்டினார். அவரிடம் போய் கார்டு, ஸ்வரம் என்று என்னால் பேச முடியாது.

2001-ல் ஜெருசலேமில் இசைக்குழுவை நடத்திய டேனியல் பாரன்பாய்ம், வாக்னரை வாசிக்கலாமா என்று கூட்டத்திடமே கேட்டார். அரைமணி நேர வாக்குவாதம். சிலர் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார்கள். அதன் பிறகே 'டிரிஸ்டான்' ஒலித்தது. நான் அங்கே இருந்திருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். எழுந்து போனவர்களைப் பார்த்து முகம் சுளித்திருக்க மாட்டேன்.