வயசான ஆட்டக்காரர் எங்கே போகணும்: கப் அடிக்கிற டீமுக்கா, ஆடக் கிடைக்கிற டீமுக்கா?

கேள்வி: முப்பத்தைந்தைத் தாண்டிய விளையாட்டு வீரர், கோப்பை வெல்லும் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நல்லதா, சுமாரான அணிக்குப் போய் எல்லா ஆட்டமும் ஆடுவது நல்லதா?

ஆடக் கிடைக்கிற இடத்துக்குப் போவதுதான் நல்லது. ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன், அது கீழே வருகிறது.

நான் சேலத்துக்காரன். செவ்வாய்ப்பேட்டையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் டென்னிஸ் பால் கிரிக்கெட். வயது நாற்பதைத் தாண்டியாச்சு. பெரிய ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடி பக்கம் நடக்கும் எட்டு ஓவர் டோர்னமென்ட்களில் இதே கேள்வி ஒவ்வொரு சீசனும் யாராவது ஒரு அண்ணனுக்கு வந்துவிடுகிறது. முதல் பரிசுக்கு ஆடும் டீம் கூப்பிடும், ஆனால் பதினோரு பேரில் இடம் நிச்சயமில்லை. ஊர்க்கார டீமும் கூப்பிடும், அங்கே முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

இதை ஆசை சம்பந்தப்பட்ட கேள்வியாகத்தான் பலர் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் மேல் ஆசையா, கோப்பையின் மேல் ஆசையா என்று. எனக்கு இது முதலில் உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வி. 22 வயசுப் பையனை ஒன்றரை மாசம் உட்கார வைத்துவிட்டுத் திடீரென்று இறக்கினால், இரண்டு மேட்ச்சில் பழைய ஃபார்முக்கு வந்துவிடுவான். 38 வயசுக்காரருக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. முப்பதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதிலும் சட்டென்று பாய உதவும் வேகமான தசை இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. மூச்சுத் திறனைப் பார்த்தால், பயிற்சி இல்லாதவருக்குப் பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் இறங்கும், விடாமல் பயிற்சி செய்பவருக்கு இறக்கம் அதில் ஏறக்குறைய பாதி. ஆக, இளைஞனுக்கு பெஞ்ச் என்பது காத்திருப்பு மட்டும்தான். மூத்தவருக்கோ அது நாளாக நாளாக உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் செலவு.

"நெட்டில் போட்டுக்கொண்டே இருக்கலாமே" என்பார்கள். தாராளமாகப் போடலாம். நெட்டில் சிக்ஸ் போனால் பந்தை எடுத்து வந்து அடுத்ததைப் போடுவோம், அவ்வளவுதான். மேட்ச்சில் சிக்ஸ் போனால் கேப்டன் முகத்தைப் பார்க்க வேண்டும், டீப் மிட்விக்கெட்டைப் பத்தடி நகர்த்த வேண்டும், அடுத்த பந்து ஸ்லோவா யார்க்கரா என்று முடிவெடுக்க வேண்டும், எல்லாம் ரன் அப் முனைக்குத் திரும்பி நடக்கிற நேரத்துக்குள். எங்கள் மாதிரி ஆட்களிடம் மிச்சமிருக்கிற சரக்கே அந்தக் கணக்குதான். வேகம் எப்பவோ போய்விட்டது. மேட்ச் ஆடாமல் இருந்தால் அதுவும் போய்விடும்.

அஸ்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆஸ்திரேலியத் தொடரில் பெர்த்தில் வெளியே, அடிலெய்டில் உள்ளே, பிரிஸ்பேனில் மறுபடியும் வெளியே. டிசம்பர் 18ஆம் தேதி, தொடர் 1-1 என்று நிற்கும்போது, சர்வதேச ஆட்டம் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். 106 டெஸ்ட், 537 விக்கெட், 38 வயது. இப்படி நடுவில் விட்டுவிட்டு வரலாமா என்று எங்கள் டீக்கடையில் அன்றைக்குப் பெரிய சண்டை. எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. 2021ல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்ட்டிலும் அவரை உட்கார வைத்தார்கள், 2023ல் ஓவலில் உலக டெஸ்ட் இறுதியிலும் எடுக்கவில்லை. அவ்வளவு வருஷம் பொறுத்தவர், எப்போது எழுந்திருப்பது என்பதைத் தானே முடிவு செய்தார்.

இதற்கு நேர்மாறாகத் தென்னாப்பிரிக்கச் சுழற்பந்துக்காரர் இம்ரான் தாஹிர். 2019 ஐபிஎல்லில் 40 வயதில் 26 விக்கெட் எடுத்து, அதிக விக்கெட்டுக்கான பர்ப்பிள் கேப் வாங்கியவர். அடுத்த சீசனில் அதே சென்னை டீமில் பெரும்பாலான நாள் தண்ணீர் பாட்டில் தூக்கினார். தான் ஆடியபோது மற்றவர்கள் தனக்குத் தூக்கினார்கள், இப்போது இது தன் முறை என்கிற அர்த்தத்தில் அவரே சொன்னார். மனசு பெரிசு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் சென்னை ஏழாவது இடம். ஜெயிக்கிற டீம் என்று நம்பி உட்காருகிறோமே, அது அடுத்த வருஷமும் ஜெயிக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? கோப்பைக்காக உட்காருகிறவர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதே இல்லை.

என் கட்சிக்கு நல்ல சாட்சி வாசிம் ஜாஃபர். மும்பைக்காக உள்நாட்டு ரஞ்சிக் கோப்பைகளாக வாங்கிக் குவித்த பேட்ஸ்மேன், 2015ல் 37 வயதில் நாக்பூர் பக்கத்து விதர்பா டீமுக்குப் போனார். அப்போது விதர்பா ஒரு தடவைகூட ரஞ்சி ஜெயித்ததில்லை. அவர் போன அதே சீசனில் மும்பை மறுபடியும் சாம்பியன்! அன்றைக்கு அவரைப் பார்த்து எத்தனை பேர் உச்சுக் கொட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விதர்பாவில் அவருக்கு ஆட இடம் இருந்தது, சின்னப் பையன்களுக்கு நடுவில் நின்றார். 2017-18 சீசனில் இந்தூரில் டெல்லியை ஜெயித்து விதர்பா முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியபோது வெற்றி ரன்னை அடித்தது அவர்தான். அடுத்த சீசனில் 1,037 ரன், திரும்பவும் கோப்பை. அந்தக் கடைசிக் கோப்பையின்போது அவருக்கு வயது 40. கோப்பையைத் துரத்திக்கொண்டு மும்பையிலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தால் இந்த ஆயிரம் ரன் எங்கிருந்து வந்திருக்கும்? எல்லாருக்கும் இப்படி நடக்காது, தெரியும். விதர்பாவுக்குச் சந்திரகாந்த் பண்டிட் மாதிரி ஒரு கோச்சும் அமைந்தார். ஆனாலும் ஆடிக்கொண்டிருந்ததால்தான் வாய்ப்பு வந்தபோது அவர் கை தயாராக இருந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்தில் இதற்கு எதிர்ப்பக்கக் கதை இருக்கிறது. கார்ல் மலோன், கேரி பேட்டன் இரண்டு பேரும் 2003ல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, கோப்பை ஒன்றுக்காகவே லேக்கர்ஸ் டீமில் சேர்ந்தார்கள். 2004 இறுதியில் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று அடி. மலோனுக்கு முட்டியில் காயம், கடைசிவரை கோப்பை இல்லாமலேயே ஓய்வு. பேட்டனுக்கு 2006ல் மயாமியில் கிடைத்தது.

சரி, சுமாரான டீமுக்குப் போனால் எல்லாம் சுகமா என்றால், இல்லை. இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணன், 44 வயசு, இடதுகை மீடியம் பேஸ். பெரிய டீமில் உட்கார்ந்து அலுத்துப்போய், வாழப்பாடி பக்கம் ஒரு ஊர் டீமுக்குப் போனார். போன அன்றைக்கே, "அண்ணா வந்துட்டாருடா" என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். புதுப் பந்தும் அவர்தான், கடைசி ஓவரும் அவர்தான், பேட்டிங்கில் நாலாவது ஆள், ஃபீல்டிங்கில் லாங் ஆன். டோர்னமென்ட் நாளில் காலை எட்டு மணிக்கு ஒரு மேட்ச், பன்னிரண்டு மணி வெயிலில் இன்னொன்று, ஜெயித்துவிட்டால் நாலு மணிக்குக் காலிறுதி. நடுவில் சாப்பாடு என்றால் தட்டுவடை செட்டும் டீயும். மூன்றாவது வாரம் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது.

ஆனால் ஆள் கெட்டி. திரும்பி வந்ததும் கேப்டன் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்:

"தம்பி, எனக்கு ரெண்டு ஓவர்தான். முதல் ஓவர் ஒண்ணு, ஆறாவது ஓவர் ஒண்ணு."

"கடைசி ஓவர் யாருங்கண்ணா போடறது?"

"உன் தம்பி போடட்டும். அடி வாங்கட்டும். நான் பக்கத்துல நின்னு சொல்லித் தரேன்."

ஆறாவது ஓவரைக் கேட்டதில் விஷயம் இருக்கிறது. காய்ந்த ஏரி மண்ணில் உருண்டு உருண்டு, அதற்குள் டென்னிஸ் பந்தின் மேல்ரோமம் தேய்ந்து வழுக்கையாகிவிடும். வழுக்கைப் பந்து பிட்ச்சில் பட்டதும் சர்ரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், மீடியம் பேஸ்கூட வேகம் மாதிரி தெரியும். போன வேகத்தைப் பந்தே கொடுக்கும் ஓவர் அது. ஃபீல்டிங்குக்கு ஷார்ட் ஃபைன் லெக்கை வாங்கிக்கொண்டார், ஓட்டம் குறைவு. இன்றைக்கும் ஆடுகிறார். அந்த டீம் இன்னும் ஒரு கப்பும் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி விதிவிலக்கு. ஜெயிக்கிற டீம் உங்களுக்கென்று ஒரு வேலையை முன்கூட்டியே ஒதுக்கித் தருகிறது என்றால், அது சின்ன வேலையாக இருந்தாலும் போகலாம். 2023ல் சென்னை கோப்பை வென்றபோது தோனிக்கு 41 வயது. பேட்டிங்கில் கடைசியாக வந்து சில பந்துகள்தான் ஆடினார். ஆனால் கீப்பிங்கும் கேப்டன் வேலையும் முழுசாக அவரிடம் இருந்தன. கபடியில் நம் தர்மராஜ் சேரலாதனைப் பாருங்கள். 2016ல் நாற்பதைத் தாண்டிய வயதில், கேப்டனாக இருந்து பாட்னா பைரேட்ஸுக்குப் புரோ கபடிப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். வடநாட்டுப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிடுவார்கள். கார்னரில் நிற்கும் ஆளுக்கு இருபது வயசு ஓட்டம் தேவையில்லை, ரைடர் எப்போது கால் நீட்டுவான் என்று தெரிந்தால் போதும். அவருக்கு ஆட்டமும் கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது. அந்த மாதிரி அழைப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இத்தாலி கோல்கீப்பர் பஃபான் இரண்டையும் வரிசையாகச் செய்து பார்த்தவர். 2019ல் தன் பழைய கிளப்பான யுவென்டஸுக்கு இரண்டாவது கீப்பராகத் திரும்பினார், எப்போதாவதுதான் ஆடினார். 2021 இத்தாலியக் கோப்பை இறுதியில் இறங்கி, கோப்பையோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகும் ஓய்வு பெறாமல், 17 வயதில் ஆட்டத்தைத் தொடங்கிய பார்மாவுக்கே போனார், இரண்டாம் டிவிஷனில் ஆட. 45 வயதில்தான் கையுறையைக் கழற்றினார். கோல்கீப்பர் என்பதால் முடிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள், அது சரிதான். ஓட்டம் அதிகமுள்ள ஆட்டங்களில் இந்தக் கணக்கு ஐந்தாறு வருஷம் முன்னாலேயே முடிந்துவிடும்.

நம்ம ஊர் வேகப்பந்துக்காரர் நடராஜன் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது, சின்னப்பம்பட்டி இங்கிருந்து எட்டிப்பார்க்கும் தூரம்தான். 2024ல் ஹைதராபாத்துக்காக 19 விக்கெட், டீம் இறுதிவரை போனது. 2025ல் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது, ஆடியது இரண்டே ஆட்டம். ஏலத்தில் போகிறவருக்கு 'எந்த டீமைத் தேர்ந்தெடுப்பது' என்கிற கேள்வியே கிடையாது. அந்தச் சுதந்திரம் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குத்தான் இருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காசு பற்றி ஒரு வரி: பெரிய டீம் பெட்ரோல் காசும் சாப்பாடும் ஒரு ஜெர்சியும் தரும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற பேச்சுக்கு அது ஈடாகாது.

உங்களை ஒரு நல்ல டீம் கூப்பிட்டால், கேப்டனிடம் "டீம்ல நான் இருக்கேனா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "இருக்கீங்கண்ணா" என்றுதான் சொல்வார்கள். "எனக்கு எந்த ஓவர்?" என்று கேளுங்கள். வாலிபால் என்றால் எந்த ரொட்டேஷனில் இறங்குகிறேன், கபடி என்றால் எந்தக் கார்னர் என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் தைரியமாகப் போங்கள், அவர்கள் மனசில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறது. "அதெல்லாம் கிரவுண்டுல பாத்துக்கலாம்ங்கண்ணா" என்று இழுத்தால், வாழ்த்துச் சொல்லிவிட்டு ஊர் டீமுக்கு ஃபோன் போடுங்கள். போடும்போதே இரண்டு ஓவர்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.