பெஞ்சில் எத்தனை பேர் தேறுவார்கள்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆள் சேர்ப்பு பற்றியும், சேர்த்த ஆட்கள் மார்ச் மாதத் தேசியப் போட்டி வரை தாங்குவார்களா என்பது பற்றியும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, அணியில் 13 பேர் இருக்கிறார்கள். களத்தில் ஐந்து பேர்தான். அப்புறமும் ஏன் "ஆள் பத்தாது" என்கிறார்கள்?

தலையை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். ஆட்டம் 40 நிமிடம், ஐந்து இடம், ஆக மொத்தம் 200 நிமிடம். பெரும்பாலான கோச்சுகள் இதை எட்டு, ஒன்பது பேருக்குள் பிரித்துவிடுவார்கள். விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், ஆடுபவர் ஒருவர் அடிபட்டால் எப்படியாவது சமாளிக்கலாம். பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்டோ, வளையத்தடியில் நிற்கும் சென்டரோ விழுந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் இருக்காது.

2024-25 கென்டக்கி அணியைப் பாருங்கள். டிசம்பரில் கெர் கிரீசாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. முதல் பாயிண்ட் கார்டு லமாண்ட் பட்லருக்குத் தோள்பட்டை. அடுத்து ஜாக்சன் ராபின்சனுக்கு மணிக்கட்டு அறுவை சிகிச்சை, சீசனே முடிந்தது. அந்த நாட்களில் அமாரி வில்லியம்ஸ் என்ற ஏழடி சென்டர் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு அரைக்கோட்டைத் தாண்டி வருவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அப்படி ஆட வேண்டிய நிலை ஏன் வந்தது என்று யோசித்தால்தான் ரோஸ்டரின் (அணிப் பட்டியலின்) ஓட்டை தெரியும். அப்படியும் அவர்கள் தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகள் வரை போனது சாதாரண விஷயமில்லை.

அந்தக் கென்டக்கி அணியில் முந்தைய ஆண்டு ஆட்கள் யாருமே இல்லை என்பது உண்மையா?

கிட்டத்தட்ட அப்படித்தான். 2024 ஏப்ரலில் பழைய கோச் ஜான் கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போனார். புது கோச் மார்க் போப் வந்தபோது அணி காலி. கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான போர்ட்டலில் இருந்து அனுபவசாலிகளாகப் பொறுக்கினார்: டிரெக்ஸலில் இருந்து வில்லியம்ஸ், டேட்டனில் இருந்து கோபி ப்ரே, ஓக்லஹோமாவில் இருந்து ஒடேகா ஓவே. சில வாரங்களில் முழு அணியைத் திரட்டிய வேகம் எனக்கு இன்றும் வியப்புதான். இதில் ஒரு விலையும் உண்டு. மூத்தவர்களாக எடுத்தால் அடுத்த வசந்தத்தில் பாதிப் பேர் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று பேரை வைத்து ஒரு அணி ஆடியதாமே, நிஜமா?

நிஜம். 2017 நவம்பர், புரூக்ளின், அலபாமா–மினசோட்டா. களத்தில் தள்ளுமுள்ளு வந்ததும் அலபாமா பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கோட்டைத் தாண்டி இறங்கினார்கள். விதிப்படி அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். மிச்சம் ஐந்து பேர். ஒருவர் ஐந்தாவது ஃபவுலில் போனார், இன்னொருவருக்குக் கணுக்கால் பிசகியது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மேல் மூன்று பேர்தான். ஆட்டத்தைத் தொடங்கத்தான் ஐந்து பேர் வேண்டும், தொடர்வதற்குக் குறைவாக இருந்தாலும் போதும். கொலின் செக்ஸ்டன் 40 புள்ளி எடுத்தார், 89-84ல் தோற்றார்கள். அதைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தோல்வியாக நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

ஆள் இல்லாமல் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்த அணி உண்டா?

உண்டு. இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம், சுருக்கமாக டி.சி.யூ., பெண்கள் அணி. 2022-23ல் 8 வெற்றி, 23 தோல்வி. மார்க் கேம்ப்பெல் கோச்சாக வந்தார், அடுத்த சீசனை 14-0 என்று தொடங்கினார்கள். ஊரே கொண்டாடியது. பிறகு ஜனவரியில் வரிசையாகக் காயம். உயரமான சென்டர் செடோனா பிரின்ஸுக்கு விரல் முறிந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கன்சாஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட் ஆட்டங்களை ஆடாமலே விட்டுக்கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கல்லூரி மாணவிகளைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நால்வரை எடுத்தார்கள். ஒருவர் அதே கல்லூரியின் வாலிபால் வீராங்கனை. பெண்கள் அணிகள் பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்துவது அங்கே வழக்கம், ஆனால் அவர்கள் ஆட்டத்தில் இறங்க முடியாது. அதனால்தான் இந்த நால்வர் அவ்வளவு முக்கியம். அவர்கள் வந்த பிறகு அணி மறுபடியும் களமிறங்கியது.

அடுத்த ஆண்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து (எல்.எஸ்.யூ.) ஹெய்லி வான் லித் என்ற வீராங்கனையைக் கொண்டுவந்தார்கள். 34-4, முதன்முறையாகக் கடைசி எட்டு. எல்லோரும் வான் லித்தைப் பற்றியே பேசுவார்கள், அவர் அதற்குத் தகுந்தவர்தான். ஆனால் அந்த ஜனவரியில் சீசனையே கைவிட்டிருந்தால் அடுத்த ஆண்டு அவரைப் போன்றவர்கள் அங்கே வந்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

நல்ல ஆட்கள் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்ததே, சார்?

சேர்க்கலாம், வைத்திருப்பதுதான் கஷ்டம். 2014-15ல் கென்டக்கியில் கலிபாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு செட்டு இறக்கினார். 38 ஆட்டம் ஜெயித்து, விஸ்கான்சினிடம் ஒன்றே ஒன்றில் தோற்றார்கள். இன்றைக்கு அது நடக்காது. 2021ல் இருந்து ஒருமுறை கல்லூரி மாறினால் ஆட ஓராண்டு காத்திருக்க வேண்டாம் என்றானது, 2024ல் எத்தனை முறை மாறினாலும் சரி என்றானது. வீரர்கள் தங்கள் பெயர், உருவத்தை விளம்பரம் போன்றவற்றுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் 2021 ஜூலையில் வழி திறந்தது. எட்டு நிமிடம் ஆடும் பையனுக்கு வேறு கல்லூரியில் முப்பது நிமிடமும் கூடுதல் பணமும் கிடைக்கும் என்றால் ஏன் இருப்பான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்பதாவது ஆளுக்கும் ஒரு வேலை சொல்லிக் கொடுக்காத கோச்சைத்தான் குறை சொல்வேன்.

பள்ளி நட்சத்திரங்களைத் தேடிப் போவதே இனி வீணா?

வீண் இல்லை. 2024ல் கென்டக்கியின் இளம் அணியை ஓக்லந்து பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்கி பத்து த்ரீ (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) போட்டு வீழ்த்தியதும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மறு ஆண்டே டியூக், முதலாண்டு மாணவர் கூப்பர் ஃபிளாக்கை வைத்து இறுதி நான்கு வரை வந்தது. அங்கே அவர்களை வென்ற ஹூஸ்டன், சேர்ந்து பழகிய மூத்த ஆட்களின் அணி. இரண்டையும் கலக்கத் தெரிந்தவரிடம்தான் நான் என் பிள்ளையை அனுப்புவேன்.

ஸ்காலர்ஷிப் இல்லாமல் தாமாக வந்து ஆடும் வாக்-ஆன் மாணவர்களுக்கு இனி இடம் இருக்குமா?

முன்பு ஆண்கள் அணிக்கு 13 ஸ்காலர்ஷிப், பெண்களுக்கு 15. அதற்கு மேல் வாக்-ஆன் எத்தனை பேர் வேண்டுமானாலும். கல்லூரி விளையாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், மொத்தமே 15 பேர் என்றாகிவிட்டது. பதினைந்து இடத்துக்கும் பணம் கொடுக்கலாம் என்னும்போது, சும்மா ஆட வரும் பிள்ளைக்கு எந்தக் கோச் இடம் ஒதுக்குவார் என்ற கவலை எனக்கு உண்டு. தினமும் பயிற்சியில் எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டி முதல் ஐந்து பேரைத் தயார் செய்வது அவர்கள்தான். டி.சி.யூ.வுக்கு வந்த அந்த நால்வரும் வாக்-ஆன்தான்.