காபி ஊற்றிச் செய்யும் குழம்பு உண்மையிலேயே இருக்கிறதா?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறி வறுத்த சட்டியில் காபி ஊற்றிக் குழம்பு வைப்பார்களாமே, நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜம்தான். பெயர் ரெட்-ஐ கிரேவி. டென்னசியில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு ஞாயிறு காலையில் செய்து கொடுத்தார்.

கிரேவி என்றதும் கெட்டியாக எதிர்பார்க்காதீர்கள், ரசம் மாதிரி நீர்க்க இருக்கும். மாவும் பாலும் சேர்த்து வெள்ளையாகச் செய்வது சாமில் கிரேவி, அது வேறு.

இதற்குக் கன்ட்ரி ஹாம் வேண்டும். பன்றியின் பின்தொடையில் உப்பைத் தேய்த்து ஊறவிட்டு, மாதக்கணக்கில் தொங்கவிட்டு எடுப்பது. நம் உப்புக்கண்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் அங்குலக் கனத்தில் ஒரு துண்டை ஓரக் கொழுப்போடு இரும்பு வாணலியில் போட்டு, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வறுத்து எடுத்துவிடுவார்கள். கொழுப்பு உருகி நிற்கும், அடியில் பழுப்பாகப் பிடித்திருக்கும். ருசி முழுக்க அந்த அடிப்பிடிப்பில்தான். சூட்டோடு அரை கப் கடுங்காபியை ஊற்றினால் சொய்யென்று பொங்கும். மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்து, கொஞ்சம் வற்றியதும் இறக்க வேண்டியதுதான். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், கறியில் இருப்பதே அதிகம்.

கிண்ணத்தில் ஊற்றினால் காபி அடியில் தங்கி, செம்பழுப்புக் கொழுப்பு மேலே மிதக்கும். பார்க்கச் சிவந்த கண் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். முந்தின இரவு குடித்துக் கண் சிவந்து நின்ற சமையல்காரரிடம், உன் கண் மாதிரி சிவப்பாகக் குழம்பு கொண்டுவா என்று ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதைதான்!

காலைச் சாப்பாடு இது. ஹாம் மேல் கொஞ்சம் ஊற்றுவார்கள். அப்புறம் கிரிட்ஸ், அதாவது மக்காச்சோள ரவைக் கஞ்சி, அதன் நடுவில் குழி பறித்துக் கொஞ்சம். மிச்சத்தைப் பிஸ்கட்டால் தொட்டு வழித்துவிடுவார்கள். அங்கே பிஸ்கட் என்றால் நாம் டீயில் முக்குவது அல்ல, மோர் ஊற்றிப் பிசைந்து சுட்ட மெத்தென்ற குட்டி ரொட்டி.

நானும் வீட்டில் முயன்றேன். ஃபில்டர் டிகாஷனை அப்படியே ஊற்றிவிட்டேன், வாயில் வைக்க முடியாத கசப்பு. பாட்டியிடம் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, காலையில் குடித்தது போக மிஞ்சிய காபியே போதும் என்றார்.