ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்து எங்கே போடுவது? சில கேள்விகள், பதில்கள்

மாதத்துக்கும் கிழமைக்கும் கேப்பிடல் உண்டு. அப்படியானால் சம்மர், விண்டருக்கும் போடலாம்தானே சார்?

வேண்டாம். ஜனவரி, மண்டே எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். பருவங்கள் சிறிய எழுத்துதான். ஏன் என்று ரொம்பத் தோண்டாதீர்கள், வழக்கம் அப்படி. பிரெஞ்சில் மாதத்தையும் கிழமையையும்கூடச் சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள்.

'மதர்' என்ற சொல்லை ஓரிடத்தில் பெரிய 'எம்' போட்டும் இன்னோரிடத்தில் சிறிய 'எம்' போட்டும் பார்த்தேன். எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். அந்த இடத்தில் அம்மாவின் பெயரை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆஸ்க்டு மதர்' என்பதில் பெயர் அப்படியே உட்காரும், எனவே கேப்பிடல். 'ஐ ஆஸ்க்டு மை மதர்' என்பதில் 'மை'க்குப் பின்னால் பெயர் ஒட்டாது, சிறிய எழுத்து. பதவிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 'பிரசிடென்ட் லிங்கன்' என்று பெயரோடு சேர்ந்து வந்தால் பெரிய 'பி'. 'லிங்கன் வாஸ் தி பிரசிடென்ட்' என்றால் சிறிய 'பி' போதும். அலுவலகக் கடிதங்களில் மேனேஜர், டைரக்டர் என்று வந்த இடத்திலெல்லாம் கேப்பிடல் போடுவது மரியாதைக்காகத்தான். தப்பு என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் விதியில் அது இல்லை.

திசைகளுக்கு?

வடக்கே போ என்றால் சிறிய எழுத்து. 'தி சவுத்' என்று ஒரு பகுதியின் பெயராகச் சொன்னால் பெரியது.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியில் சாதாரணப் பெயர்ச்சொற்களுக்கும் கேப்பிடல் இருக்கிறதே?

நல்ல கண் உங்களுக்கு. அது 1787-இல் எழுதியது. பெயர்ச்சொல் என்றாலே பெரிய எழுத்து என்ற பழக்கம் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இருந்தது. அப்புறம் மெல்ல மறைந்துவிட்டது. ஜெர்மனில் இன்றும் அதுதான் விதி.

தலைப்பு எழுதும்போது எதைச் சிறியதாக விடுவது?

அதிகம் தடுமாறுவது இங்கேதான். பலர் சொல்லின் நீளத்தை மட்டும் பார்த்து 'இஸ்' என்பதைச் சிறிய எழுத்தில் விட்டுவிடுகிறார்கள். இரண்டே எழுத்தானாலும் அது வினைச்சொல், கேப்பிடல் வேண்டும். 'ஏ', 'ஆன்', 'தி', 'ஆஃப்', 'அண்ட்' போன்றவை நடுவில் வந்தால் சிறியவை. முதல் சொல்லானால் அவையும் பெரியவை. 'வித்', 'ஃப்ரம்' ஆகியவற்றில்தான் ஆளுக்கொரு பக்கம். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் எழுத்து நடையில் நாலெழுத்து இருந்தாலே கேப்பிடல். புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு முன்பு இப்படிப்பட்ட முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) எவ்வளவு நீளமானாலும் சிறியதாக விடச் சொன்னது. 2024 பதிப்பில் ஐந்தெழுத்து முதல் பெரியதாக்கச் சொல்கிறது. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே போங்கள்.

நியூட்டன் ஒரு மனிதரின் பெயர். விசையின் அலகாக எழுதும்போதும் கேப்பிடல்தானே?

இல்லை. அலகானதும் அது பொதுச்சொல். நியூட்டன், வாட், கெல்வின் மூன்றும் சிறிய எழுத்து. ஆனால் அவற்றின் குறியீடு பெரிய எழுத்து. டிகிரி செல்சியஸில் மட்டும் 'சி' பெரியதாகவே நிற்கும், விதிவிலக்கு.

'இன்டர்நெட்'?

இப்போது சிறிய 'ஐ' போதும். அசோசியேட்டட் பிரஸ்ஸே 2016-இல் மாறிவிட்டது.

வாக்கியமே 'ஐபோன்' என்று தொடங்கினால்?

சிகாகோ சிறிய 'ஐ'யை அப்படியே விடும். அசோசியேட்டட் பிரஸ் பெரியதாக்கும். எனக்கு இரண்டுமே கண்ணை உறுத்தும். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, அந்தச் சொல்லை நடுவே தள்ளிவிடுவேன்.