மீன்பாடு நன்றாக இருக்கும்போதே மீன் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரிப்பது ஏன்?

மீன்வள அறிவியல் படித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். வலையில் மீன் நிறைய விழுவதை வைத்துக் கடலில் மீன் நிறைய இருப்பதாக முடிவு செய்துவிட முடியாது. தொழில்முறை மீன்பிடிப்புக்கு ஆராய்ச்சி துணை வேண்டியிருப்பதற்கு முதன்மையான காரணமே இதுதான்.

1992 ஜூலையில் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் காட் மீன் பிடிக்கக் கனடா அரசு தடை விதித்தது; சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். ஆனால் 1980களில் அங்கே பெரிய இழுவைக் கப்பல்களின் மீன்பாடு அந்த அளவுக்கு வீழ்ச்சியைக் காட்டவில்லை. எண்ணிக்கை சரியச் சரிய எஞ்சிய மீன்கள் நெருக்கமான கூட்டங்களாகத் திரண்டன. ஒலியலைக் கருவிகளின் துணையோடு கப்பல்கள் அந்தக் கூட்டங்களையே தேடிச் சென்று வலை விட்டன. அக்கப்பல்களின் மீன்பாட்டுக் கணக்கைப் பெரிதும் நம்பியதால் மீன் இருப்பு உண்மையில் இருந்ததைவிடக் கூடுதலாக மதிப்பிடப்பட்டது. மீன் குறைகிறது, அளவும் சிறுத்துவருகிறது என்று கரையோரத்தில் சிறு படகுகளில் தொழில் செய்தவர்கள் அப்போதே முறையிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வு என்றால் ஆய்வாளர் சொல்வது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும். தடை விலக்கப்பட்டது 2024இல்தான். அந்த ஆண்டுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு 18,000 டன்.

ஆகவேதான் ஆய்வுக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே வகை வலையைக் கொண்டு, முன்கூட்டியே குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களில், அங்கே மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வலை இழுக்கின்றன. தொழில் தெரிந்தவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் வெறும் வலை வந்த இடமும் கணக்கில் ஏறினால்தான் மீன் கூட்டம் சுருங்குவது தெரியவரும்.

அடுத்தது வயது. மீனின் தலைக்குள் மூளையை ஒட்டியிருக்கும் செவிக்கல்லை இடுக்கியால் எடுத்து, மெல்லிய சீவலாக அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறித் தெரியும். குளிர்ந்த கடல்களில் ஒரு ஜோடிப் பட்டை ஓராண்டு வளர்ச்சியைக் குறிக்கும். ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் கடல்களில் பட்டைகள் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான மீன்களைப் பார்த்தும் முதிர்ந்த வயது மீன்களே அகப்படவில்லை என்றால் பிடிப்பு மிஞ்சிப்போகிறது என்று ஊகிக்கலாம். பல இனங்களில் பெரிய தாய்மீன் தன் எடைக்கு மீறிய விகிதத்தில் முட்டையிடுவதால் அந்த இழப்பு அடுத்த தலைமுறையையும் பாதிக்கும்.

வலைக் கண்ணி பற்றிய ஆய்வு மீனவருக்கு நேரடியாகவே பயன்படுகிறது. வலையின் கடைசியில் மீன் சேரும் பையான மடியில் எடை கூடும்போது சாய்சதுரக் கண்கள் இறுகி மூடிக்கொள்கின்றன, சதுரக் கண்களோ திறந்தே நிற்பதால் உருண்டை உடல் கொண்ட இளமீன்கள் தப்பிவிடுகின்றன. தட்டை மீன்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

இனி வளர்ப்பு மீன் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2022இல் நீர்வாழ் விலங்குகளின் வளர்ப்பு உற்பத்தி பிடிப்பு உற்பத்தியை முதன்முறையாக முந்தியது உண்மைதான். ஆனால் பல வளர்ப்பு இனங்களின் தீவனத்தில் இன்னமும் கடலில் பிடித்த சிறுமீன்களின் தூளும் எண்ணெயும் சேர்கின்றன.

ஐநா உணவு வேளாண் அமைப்பின் மதிப்பீட்டின்படி, அளவுமீறிப் பிடிக்கப்படும் மீன் தொகுதிகள் (ஒரு கடற்பகுதியில் வாழும் ஓர் இனத்தின் மொத்தக் கூட்டம் ஒரு தொகுதி) 1974இல் சுமார் 10 சதவீதம், 2021இல் 37.7 சதவீதம். முறையாக மதிப்பிட்டு, பிடிப்பைக் கட்டுப்படுத்தும் கடல்களில் இருப்பு சராசரியாகத் தேறிவருகிறது. உலகப் பிடிப்பில் ஏறக்குறைய பாதி அத்தகைய மதிப்பீடே இல்லாத தொகுதிகளிலிருந்து வருகிறது. அங்கெல்லாம் ஆய்வுக் கப்பல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இறங்குதளத்தில் மாதந்தோறும் மீன்களின் நீளத்தை அளந்து குறித்துவந்தாலே முதல் மதிப்பீட்டைத் தொடங்கிவிடலாம்.